கேட்பு

கிழக்கே சலாசியில் பத்து மாதம் மழை.
மேற்கே எங்கள் சேன்-போலில்
நவம்பர் வந்தால் புல்லுக்கே பொறுமை போய்விடும்.
நடுவில் மலை.
குடைந்தோம், குழாயை நுழைத்தோம்,
அங்கே பெய்வதை இங்கே திருப்பினோம்.
சொல்ல மூன்று வரி.
செய்து முடிப்பதற்குள்
அப்பா சேர்ந்த வேலையில் மகன் ஓய்வு பெற்றான்.

என் மேசையில் 2045 இருக்கிறது.
அந்த வருடம் எத்தனை பேர் குளிப்பார்கள்,
எத்தனையாவது மாடியில் குளிப்பார்கள்,
கரும்பு எவ்வளவு குடிக்கும்,
எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு: இழப்பு.
முப்பத்தொரு விழுக்காடு.
அதை எப்போதும் சின்ன எழுத்தில்தான் அச்சிடுவோம்.

கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து எழுந்தார்
எக்ஸ்பெடி வெங்கதசலோம்.
(வேங்கடாசலம்தான்.
கப்பலிறங்கிய அன்று எழுத்தரின் பேனாவில்
கொஞ்சம் கசிந்துவிட்டது.)
த்ருவா-பசான் மேட்டில் நாலு எக்டேர் கரும்பு.
வாரத்தில் மூன்று இரவுதான் வால்வு திறக்கும் என்று
நான் படித்து முடித்ததும்
தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்:
"ஊருக்குக் கொடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது?
என் மகளும் ஐந்தாம் மாடியில்தான் இருக்கிறாள்.
யாருக்கும் கொடுக்காமல் தொலைக்கிறீர்களே
அந்த முப்பத்தொன்று,
அது எங்கே போகிறது?"
இயக்குநர் தண்ணீர் குடித்தார்.

அதனால்தான் இரவு இரண்டு மணிக்குத் தெருவில் நிற்கிறேன்.
காதோடு ஓர் இரும்புக் கோல்.
ஊர் உறங்கினால்தான் குழாய் பேசும்.
நல்ல குழாய் ஒன்றும் சொல்லாது.
விரிசல் விட்டது மட்டும்
பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.
முதல் வாரம்
என் ரத்தம் ஓடுவதையே கசிவென்று குறித்துவைத்தேன்.
வண்டி ஓட்டும் ழான்-ரெனே இன்னும் சிரிக்கிறான்.

பதினோராம் இரவு, மீன் சந்தைக்குப் பின்னால்.
ரெயூனியன் மேற்கெல்லாம் சருகாகிக் கிடக்கையில்
ஒரே ஒரு மதிலோரம்
கொழுகொழுவென்று ஒரு கலுப்பிலே மரம்.
கறிவேப்பிலைக்கு இங்கே அதுதான் பெயர்,
அதிலும் கொஞ்சம் சொட்டியிருக்கிறது.
கோலை வேரருகே ஊன்றினேன்.
அடியில் ஓர் ஆறு.

காலையில் தோண்டும்போது ஒதெத் மினாச்சி வந்தாள்.
ரப்பர் செருப்பு, கையில் காபி.
"பதினாறு வருடம், ஒரு சொட்டு ஊற்றியதில்லை" என்றாள்
பெருமையாக.
"இந்தத் தெருவுக்கே இலை இங்கிருந்துதான்."
பிறகு குழியை எட்டிப் பார்த்தாள்.
காபி ஆறும்வரை பார்த்தாள்.
"இனி எவ்வளவு ஊற்ற வேண்டும்?"

ஒரு தீவின் மேற்குப் பாதிக்கு
இருபது வருடம் முன்கூட்டிக் கணக்குப் போட்டவள் நான்.
ஒரு மரத்துக்குத் தெரியவில்லை.

ஒரு கவ்வி, நாலு திருகாணி, நாற்பது நிமிடம்.
முப்பத்தொன்று இப்போது முப்பது புள்ளி ஒன்பது.
எக்ஸ்பெடியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
"சரி, மிச்சம்?" என்றார்.

அறிக்கையில் மரங்களுக்குக் கட்டமில்லை.
அடிக்குறிப்பாக ஒரு வரி எழுதினேன், அழித்தேன்.
பிறகு கதவைச் சாத்திவிட்டு
2045இன் மக்கள்தொகையில்
ஒருவரைக் கூட்டிவைத்தேன்.