அனுபவம் என்ற கட்டம்

விண்ணப்பத்தில் அந்தக் கட்டம்
விரல்நகம் அளவுதான்.
டோனல் கெஹோ நுணுக்கி எழுதினான்:
ஆஃபலிச் சதுப்பில் வாய்க்கால் வெட்டினேன்,
இருபத்திரண்டு ஆண்டு.
நீர் வடிந்தால்தான் சதுப்புக்கரி காயும்,
காய்ந்தால்தான் எரியும்.

மின்நிலையம் மூடிய மாதம்
வங்கிக் கடனுக்கு மட்டும் வேலை போகவில்லை.

பயிற்சி வகுப்பு, புதன்தோறும்.
பாசிகளுக்கெல்லாம் லத்தீன் பெயர்.
நாற்பத்தெட்டு வயது நாக்கில் ஒன்றும் ஒட்டவில்லை;
முதல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று.
பக்கத்து இருக்கை ஓர்லா,
அஞ்சலகம் மூடியதில் வந்தவள்,
எண்பத்தாறு வாங்கிவிட்டு
மறுநாள் களத்தில்
இடுப்புவரை சேற்றில் நின்றாள்.
கயிறு போட்டு இழுத்தான்.
ஒரு பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நேர்காணலில் கேட்டார்கள்:
வாய்க்கால்களை அடைக்கத் தெரியுமா?
"எது எங்கே ஓடுகிறது என்று தெரியும்.
ஓடவிட்டவன் நான்தானே."
யாரோ இருமினார்கள்.

சம்பளம் பழையதில் முக்கால்.
ஒப்பந்தம் பதினெட்டு மாதம்,
அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.
அதே எந்திரம்,
இருக்கைக் கிழிசலில் அதே பஞ்சு.

இன்று காலை அளவுக்குழாயில்
நீர் நான்கு சென்டிமீட்டர் ஏறியிருந்தது.
நோட்டில் குறித்தான்.
கீழே, யாரும் கேட்காமலே,
ஒரு பாசியின் பெயரை
எழுத்துப்பிழையோடு.