கைவிடப்பட்டவை

துலூத் நகரம், இரண்டாயிரத்து ஏழு, பிப்ரவரி.
ஏரி உறைந்து ஆறாவது வாரம்.
தொலைபேசிக் கம்பெனியின் மூன்றாம் மாடியில்
சிக்னே ஓடெகார்ட்
ஈரக் காலுறையைக் கழற்றி ஹீட்டர்மேல் போடுகிறாள்.
மேசையில் அரசாங்கத்திடமிருந்து வந்த தாள்கள்,
இன்றைக்குப் பதினேழு.

ஏழாவது தாளில் தெரிந்த முகவரி.
ரெய்னோ தக்கினன்.
இரும்புத்தாதுத் துறையில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர்.
போன புயலில் அவள் காரைப் பனியிலிருந்து தள்ளிவிட்டு
நன்றி சொல்லுமுன் நடந்து போனவர்.

என்ன குற்றம் என்று தாள் சொல்லவில்லை.
சொல்ல வேண்டிய கட்டாயம் தாளுக்கு இல்லை.
அவளுக்குத்தான் கட்டாயம்:
யாரிடமும் சொல்லக் கூடாது. குறிப்பாக
அவரிடம்.

வட்டுகள் தங்க விலை விற்ற காலத்தில் எழுதிய சட்டம்.
நூற்றெண்பது நாளுக்கு மேல் எவனாவது
கடிதத்தைப் பெட்டியிலேயே விட்டுவைப்பானா என்று
யாரோ நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.
விட்டுவைத்தால் அது கைவிடப்பட்டது.
அதற்கு நீதிபதியின் கையெழுத்து தேவையில்லை.
நூற்றெண்பதாம் நாள் இரவுவரை கடிதம்.
விடிந்தால்
தெருவில் கிடக்கும் ஒற்றைக் கையுறை.

அவள் தேதியைக் குறிக்கிறாள்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு கடிதங்கள்.
தொடரலாமா என்கிறது திரை.

படிக்கக் கூடாது.
கோப்பு திறக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.
திறந்தது.
கண்ணுக்கு என்ன, தாழ்ப்பாளா இருக்கிறது?

'ரெய்னோ, இங்கே சூப்பில் உப்பே இல்லை.
நாய் இன்னும் என் செருப்பின்மேல்தான் படுக்கிறதா?
வியாழன் வரும்போது பச்சை ஸ்வெட்டர்.
நீலம் அல்ல. பச்சை.'
அனுப்பியவர் சில்வி,
ராச்செஸ்டர் மருத்துவமனை, காத்திருப்போர் அறைக் கணினி.
ஐந்து வருடம் ஆகிறது.
அதன் பிறகு சில்வியிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஓரத்தில் இன்னொரு பத்தி,
அரசாங்கம் கேட்காதது.
கடைசியாகத் திறந்தது: நேற்று இரவு 11.52.
அதற்கு முன்: முந்தாநாள் இரவு 11.40.
அதற்கு முன்.
அதற்கு முன்.
சிக்னே உருட்டிக்கொண்டே போகிறாள்,
கிறிஸ்துமஸ் இரவைத் தாண்டி,
போன கோடையைத் தாண்டி.
ஒரு நாள்கூட விடுபடவில்லை.

படிவத்தில் அதை எழுத இடமில்லை.

என் மொழியில் அஞ்சல் என்றால் தபால்.
அஞ்சல் என்றால் பயப்படுதல்.
பழைய பாட்டில், தெய்வம் சொல்வதாக வந்தால்,
பயப்படாதே.
இம்மூன்றில் எது இந்த வட்டில் ஏறுகிறது
என்று யாரைக் கேட்பேன்?
சிக்னேவுக்குத் தமிழ் தெரியாது.
வட்டு எரிந்து முடிய நான்கு நிமிடம்.
உறையில் போட்டு, நாக்கில் நனைத்து ஒட்டி,
கூரியர்காரனிடம் கையெழுத்து வாங்குகிறாள்.
அந்த உறையை வழியில் எவனும் பிரித்தால்
சிறை.

சனிக்கிழமை. மளிகைக் கடை.
ரெய்னோ வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்,
ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து.
கோட்டுக்குள்ளே பச்சை தெரிகிறது.
பெண்களுக்கான ஸ்வெட்டர், கை எட்டவில்லை.

'கார் ஓடுகிறதா?'
'ஓடுகிறது.'
'பேட்டரியைப் பார்த்துக்கொள். இன்னும் குளிரும்.'

வீட்டு மேசை அறையில் இருக்கும் காகிதத்தைத் தொட
ஐம்பது வருடம் ஆனாலும் நீதிபதி வேண்டும்.
அதை அவள் சொல்லக் கூடாது.
சொன்னாலும் பிந்திவிட்டது.
வேறு எதையாவது சொல்ல வாய் திறக்கிறாள்:

'எதிர்க் கடையில் பிரிண்டர் வந்திருக்கிறது.
நாற்பது டாலர்தான்.'

ரெய்னோ ஒரு வெங்காயத்தைத் திரும்ப வைத்துவிட்டுச்
சிரிக்கிறார்.
'எனக்கு எதற்கம்மா பிரிண்டர்?
எல்லாம் பெட்டியிலேயே
பத்திரமாக இருக்கிறது.'