இடது துளை

பழைய லுங்கியில் சுற்றி மடியில் வைத்தபடி
காவேரிப்பட்டணத்தில் பஸ் ஏறினேன்.
வருடக்கணக்காக வாய் திறக்காத கடிகாரம்
வேகத்தடைக்கு வேகத்தடை
டங் என்றது.
முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு
செல்போனில் மணி சரிபார்த்தார்.
"வீட்டில் ஊமை, பஸ்ஸில்தான் பேசுகிறது" என்றேன்
கண்டக்டரிடம்.
பேசுவதற்கும் சேர்த்து
லக்கேஜ் கிழித்துக் கொடுத்தார்.

ரவுண்டானா பக்கம்
செல்போன் திரை மாற்றும் தபஸ்ஸும்
"இது எனக்குப் புதுசு, அண்ணா" என்றாள்.
சொல்லும்போதே கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டாள்.
பெண்டுலத்தைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டாள்.
டயலின் ஓரமாக டார்ச் அடித்து
காய்ந்த பல்லி முட்டை இரண்டை
இடுக்கியால் எடுத்து
தாளில் பத்திரமாக வைத்தாள்,
அதுவும் ஒரு பாகமோ என்னவோ என்று.

சுத்தி இருந்தது.
கம்பி இருந்தது.
விரலால் சுண்டினால் நல்ல நாதம்,
எதிர்க்கடை தோசைக்கல் வரை கேட்டது.

"ரெண்டு துளை இருக்கு பாருங்க.
வலது ஓடுறதுக்கு, இடது அடிக்கிறதுக்கு.
வலதுல பித்தளை தேஞ்சு மின்னுது.
இடதுல பச்சை பூத்துக் கிடக்கு.
பழுதெல்லாம் இல்ல, அண்ணா.
யாரோ சாவி குடுக்கல."

எவ்வளவு என்றேன்.
சாவி கொடுத்ததற்கா என்று சிரித்தாள்.
மரியாதைக்கு என் போனுக்கு
ஒரு கண்ணாடி ஒட்டிக்கொண்டு கிளம்பினேன்.

யாரோ என்ன யாரோ.
ஞாயிறுதோறும் முக்காலி மேல் ஏறுவது
முனிரத்னாதான்.
நான் பார்த்ததில்லை.
முக்காலி இழுபடும் சத்தம் மட்டும்
தூக்கத்தில் கேட்டிருக்கிறேன்.

மாங்கூழ் ஆலையில் பாய்லர் எனக்கு.
வைகாசி, ஆனி முழுக்க இரவு ஷிப்ட்.
நகக்கண்ணில் தோத்தாபுரி காய
விடிந்து வந்து படுப்பேன்.
பகல் பன்னிரண்டு அடித்தால்
பன்னிரண்டு தடவையும் விழிப்பேன், திட்டுவேன்.
அதற்காக விட்டிருக்கலாம்.

சீசன் இல்லாத ஒரு வருடம்,
ஆறு மணிக்கே ஆலையை விட்டு இறங்கியும்
பதினொன்றுக்கு முன் வீடு வராமல் இருந்தேன்.
எங்கே என்று அவள் கேட்டதில்லை.
அடிக்க அடிக்க
எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.
அதற்காகவும் இருக்கலாம்.
பையூர் நிறுத்தத்தில் ஒரு டங்.

ஆணியில் மாட்டி, பெண்டுலம் கோத்து,
தள்ளிவிட்டேன்.
நாலு மணிக்குப் பதினொன்று அடித்தது.

ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.
"பத்துல நின்னது.
அதான் அடுத்தது பதினொண்ணு" என்றாள்.
நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

எந்தப் பத்து?
பகல் பத்தா, ராத்திரிப் பத்தா?
கேட்க வாய் எடுத்தேன்.
சுருள் தீர்ந்த இடத்தில் நின்றிருக்கும்,
அவள் விட்ட இடம் அதற்கும் முன்னால் இருக்கும்
என்று எனக்கே சமாதானம் சொல்லி
முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.
ஏறினாள்.
டயலுக்கு அடியில் விரல் விட்டு
ஒரு கம்பியைத் தூக்கினாள்.
பன்னிரண்டு.
அடங்கும்வரை காத்திருந்து மறுபடி தூக்கினாள்.
ஒன்று.
இரண்டு.
எதிர்வீட்டு இதாயத்துல்லா ஜன்னலைத் திறந்து
"என்னப்பா, உன் வீட்டுல மட்டும்
நாள் இவ்வளவு சீக்கிரம் ஓடுது?" என்றார்.
மூன்று.
நாலு.
நாலோடு விட்டாள்.
இருபத்திரண்டு அடி. நானும் எண்ணியிருந்தேன்.

அப்புறம் பேச்சு புளிக்குப் போனது,
கொட்டை எடுத்துத் தர ஆள் வரவில்லை என்பதற்கு.
ஐந்து அடித்தபோது
இருவருமே பேச்சை நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழித்தே கிடந்தேன்.
முக்காலி இழுபட்டது.
வலது துளையில் பதினாலு சுற்று.
சாவியை உருவி
இடது துளையில் செருகினாள்.
திருகவில்லை.
இறங்கி, பால் பொங்குவதைப் பார்க்கப் போனாள்.
முக்காலி அங்கேயே கிடந்தது.