இரண்டாம் குரல்

சாட்ஸ்வொர்த் கல்யாண மண்டபம்.
பிரியாணி வரிசை எங்கள் மேடையைச் சுற்றிப் போகும்.
என் சாக்ஸபோனில் ஜி ஷார்ப் மூடி ஒட்டிக்கொள்ளும்;
பத்து ராண்ட் நோட்டைச் செருகி இழுப்பேன்.
பகலில் டயர் கடைக் கணக்கன்.

"மெட்டு கீபோர்டுக்கு. நீ கீழே இழைந்து வா"
என்பான் லோகன் மூட்லி, பதினோரு வருஷமாக.

நேற்று மின்வெட்டு.
கீபோர்டு செத்தது. கித்தார் செத்தது.
டிரம்ஸ் சிபோ மட்டும் நிறுத்தவில்லை.
எல்லாரும் என்னைப் பார்த்திருப்பார்கள்,
இருட்டு.

தெரிந்ததை ஊதினேன்:
மெட்டில்லாத பாட்டின் அடிப்பாகம்,
புடவை இல்லாத உள்பாவாடை.

வரிசையில் எங்கோ
தட்டோடு நின்ற ஒருத்தி
மேலே மெட்டை முணுமுணுத்தாள்,
சுருதி கொஞ்சம் விலகித்தான்.

விளக்கு வந்ததும் தேடினேன்.
எல்லார் வாயிலும் சோறு.