எடைமேடை

லாரி மேடையில் ஏறினால்
எனக்கு முதலில் பாதத்தில் தெரியும்.
திரை எண்ணைக் காட்டுவது
ஒரு மூச்சு கழித்துத்தான்.

சிரியத்துக்குத் தெற்கே, ஆற்றோரம்,
புதுத் துறைமுகத்தின் மூன்றாம் வாசல்.
சட்டையில் குத்திய அட்டையில் நான் கின் சான் மே.
கோயில் வரிப் புத்தகத்தில் அஞ்சலாட்சி.
சம்பளம் வாங்குகிறவள் முன்னவள்,
வரி கட்டுகிறவள் பின்னவள்.
இருவருக்கும் ஒரே கைப்பை.

கூட்டம் போட்ட அன்று
மின்விசிறி ஓடாத பள்ளிக்கூடத்தில்
ஊ தெய்ன் ஹான் இரண்டு தாள் நீட்டினார்.
ஒன்று வேலைக்கு மனு.
மற்றது, பூக்குழித் திடலை எடுத்துக்கொள்ள
ஆட்சேபம் இல்லை என்று.
பேனா ஒன்றுதான் இருந்தது.
இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்,
அவசரத்தில் அல்ல, படித்துவிட்டுத்தான்.
யாரும் என்னை ஏமாற்றவில்லை.
இதைச் சொல்லாமல் அழுகிறவர்களோடு
எனக்குப் பேச்சில்லை.

போன வருடம் வரைக்கும்
கரகத்துக்கு முன்னால் நடக்க ஆளில்லை.
பையன்கள் கிள்ளானில், கையுறைத் தொழிற்சாலையில்.
பதினெட்டடிக் குழி. மிதித்தவர் ஒன்பது பேர்.
இப்போது என் தம்பி வீரபத்திரன் வந்துவிட்டான்,
அவனோடு நாற்பது பேர்.
கிரேன் ஓட்டுகிறான். ராத்திரி வீட்டில் சோறு கேட்கிறான்.
அவன் பிள்ளை அவனை மாமா என்று கூப்பிடுவதை
நிறுத்திவிட்டது.
இதை எந்தத் தட்டில் வைக்க?

செவ்வாய்க்கிழமை பத்தரைக்குத்
திடலின் மண் வந்தது.
மேலே சிவப்பு, அடியில் கறுப்பு,
எத்தனையோ பங்குனிகளின் கரி,
பின்கதவு இடுக்கில் ஒழுகி
ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தது.
ஓட்டுநர் கோ ஸா லின் வெற்றிலைச் சாற்றைத் துப்பப் போனவன்
என் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான்.

மொத்தம் இருபத்தெட்டு டன் நானூற்றறுபது.
வண்டியைக் கழித்தால் பதினெட்டு டன் இருநூறு.
பொருள் என்கிற கட்டத்தில்
மணல், ஜல்லி, மண், கழிவு.
ஒன்றைத் தொட்டால்தான் சீட்டு வரும்.
பின்னால் ஏழு லாரி ஹாரன்.
மண்ணைத் தொட்டேன்.
கழிவு என்று போட்டிருக்க வேண்டும்,
கட்டணம் குறையுமே என்றார் மேலாளர்.
கை தவறிவிட்டது என்றேன்.

திருவிழாவுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்:
நான்காம் கொட்டகைக்குப் பின்னால்
சிமெண்டுத் தரையில் மணல் பரப்பி, பன்னிரண்டடி.
ஓரத்தில் தீயணைப்பு உருளை இரண்டு.
ஷிப்டு மாறுவதற்குள் முடிக்க வேண்டுமாம்.
நாற்பத்தொரு பேரும்
மஞ்சள் துணிக்குச் சொல்லிவிட்டார்கள்.
இத்தனை கால்களை நான் பார்த்ததே இல்லை.

நேற்று கடைசி லாரி போன பிறகு
செருப்பைக் கழற்றிவிட்டு
மேடையில் ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
நான் ஐம்பத்து மூன்று.
லாரிக்கான இயந்திரம்,
இருபது இருபதாகத்தான் எண்ணும், தெரியும்.
சரிபார்க்கிற ஆள் வருடத்துக்கு ஒரு முறை வருவார்,
பங்குனியில்.