இரண்டாவது கழிவு

பதினான்காம் பக்கத்தில் ஒரு மாறிலி
மாறிக்கொண்டிருக்கிறது.
மூன்று வருடம் நானும் பார்க்கவில்லை,
பேராதனையில் இருக்கும் துலாஞ்சலியும் பார்க்கவில்லை.

லீவுக்கு வந்திருக்கிறேன்.
அப்புத்தளைக்கு மேலே, கல்லுமலைப் பிரிவு, தொங்கல் வீடு.
அண்ணன் மகனின் மேசையில் என் தாள்கள்,
ஓரத்தில் அவன் ஒட்டிய டைனோசர்.
கரண்ட் ஆறு மணிக்கே போய்விட்டது.

யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன்:
வெளியைச் சாலகமாக வெட்டுகிறோம்.
கண்ணிக்கு ஒன்றாகப் புலத்தின் எண்களை வைக்கிறோம்.
பிறகு கண்ணிகளின் இடைவெளியைக்
குறுக்கிக் குறுக்கிப் பூச்சியத்துக்குக் கொண்டுபோகிறோம்.
போகிற வழியில் திணிவு முடிவிலியாகும்.
ஆகவே கழிக்கிறோம்.

முதல் கழிவு ஒளிவுமறைவில்லாதது,
இடைவெளி பாதியானால் அது இரட்டிக்கும்.
இரண்டாவது ஒரு மடக்கை.
லட்சம் மடங்கு நுணுக்கினாலும்
பதினொன்றரைதான் ஏறியிருக்கும்.
அவ்வளவு அடக்கமாக வளர்கிறதை
மாறிலி என்று எழுதிவிட்டோம்.

(பத்தாம் ஆண்டில் தாயம் படிக்கும்போது
நிரை என்றால் எங்களில் எவருக்கும் சந்தேகமில்லை,
ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்க நிரைதான்.
நிரலைத்தான் மாற்றி மாற்றி எழுதினோம்.)

நேற்றுப் பின்னேரம்
சிக்னல் தேடிக் கொழுந்து மடுவத்துக்கு ஏறினேன்.
தராசுக்கு முன்னால் வரிசை.
அண்ணி மரியசெல்வியின் சாக்கு
பத்தொன்பதரை காட்டியது.
பதினாறரை என்று எழுதினார்கள்.
சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு இரண்டு.
பதினெட்டு இருந்தால்தான் முழுப்பேர்.
“மூணு நாளா மழையே இல்லையே, எந்தத் தண்ணி?”
எழுதுகிறவர் தலை தூக்கவில்லை.
“வழமையா கழிக்கிறதுதான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.
அந்த நேரம் பார்த்து எனக்கு ஞாபகம் வந்தது
பதினான்காம் பக்கம்.
எதைப் பொறுத்துக் கழிக்கிறோம் என்று
அங்கே நாங்களும் எழுதவில்லை.
வழமையாகப் போடுகிறதைப் போட்டிருந்தோம்.

இதை உவமையாக்காதே என்று
இறங்கி வரும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.
என் முடிவிலியை எப்படிக் கழித்தாலும்
யாருக்கும் அரைப்பேர் விழப்போவதில்லை.

ராத்திரி மெழுகுதிரியில் திரும்பப் போட்டேன்.
பதுளை மெயில் கீழே வளைவில் ஊதிப்போனது.
மடக்கை வெளியே வந்து நின்றது,
இவ்வளவு காலமும் கூப்பிடாததால் வராத மாதிரி.
அதைக் கழித்தால் துணைத்தேற்றம் நிற்கலாம்.
அதன் மேல் கட்டிய ஏழாம் பிரிவு நிற்காது.
இடைவெளியைப் பூச்சியமாக்கினால்
எங்கள் துணிக்கைகள் ஒன்றையொன்று தொடுமா என்று
இப்போது எனக்குத் தெரியாது.
போன கிழமை தெரிந்திருந்தது.

விடியப் பனிக்குள் மறுபடி மடுவம்.
“துலாஞ்சலி, பக்கம் 14, மூன்றாம் வரி.
C மாறிலி இல்லை. பேப்பரைத் திரும்பப் பெறணும்.”
ஒரு சரி விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

வீட்டுக்கு வந்தால்
அண்ணி ஒரு தாளைப் புரட்டிப் போட்டு
அடிமட்டத்தால் கோடு கிழித்திருக்கிறாள்:
திகதி, தராசு, கழிச்சது, மழை.
கடைசி நிரலில் மூன்று தடவை, இல்லை.
என் பதினான்காம் பக்கத்தின் முதுகு அது.

“மத்தப் பொம்பளைங்களும் கேக்குறாங்க,” என்றாள்,
படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டே.
“பின்பக்கம் வெறுமையா இருக்கிறது
இன்னும் எத்தனை இருக்கு?”

முப்பத்தொன்று, என்றேன்.