ஜூன் ஒன்று

எங்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் பிறந்தநாள்.
எனக்கு, பால்துரைக்கு, ரெஜினாளுக்கு,
குவைத்தில் கிரேன் ஓட்டும் மிக்கேலுக்கு,
நாற்பத்தொரு பேர் வகுப்பில் முப்பத்தாறு பேருக்கு.

தாராவியில் எங்கள் பள்ளியில் சேர
வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து
இடக்காதைத் தொட வேண்டும்.
தொட்டுவிட்டால் ஆறு வயது.
தேதி கேட்பார் கிளார்க் சாவந்த்.
சாக்கடை வீட்டுக்குள் வந்த மழைக்கு முந்தின வெள்ளி, என்பாள் ஒருத்தி.
கொடை முடிந்து திரும்பும்போது, ரயிலில்,
சோலாப்பூர் தாண்டி, என்றாள் என் அம்மா.
அவருக்குத் தமிழ் வராது, இவர்களுக்கு மராத்தி வராது.
நடுவில் ஜூன் ஒன்று இருந்தது.
எழுதிக்கொண்டார்.

இசக்கியம்மாள் என்று அம்மா சொன்னது
அவர் காதில் இஸ்காமல் என்று விழுந்தது.
இஸ்காமல்தான் பத்தாவது எழுதினாள்,
இஸ்காமல்தான் ரேஷன் வாங்குகிறாள்.
வீட்டில் திட்டுவதற்கு மட்டும் இசக்கி.

பள்ளியை மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும்
பழைய மாணவர் சங்கம் மூன்று கூட்டம் போட்டது.
கல்வெட்டு வைக்கலாம் என்றார்கள்.
எந்தச் சுவரில், என்று ரெஜினாள் கேட்டாள்,
சுவரும்தானே போகிறது.
பத்தாவது குரூப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டலாம் என்றார்கள்.
அதில் பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தோம்.
டீ ஆறியது.

அப்புறம் குடிசைகளை எண்ண ஆட்கள் வந்தார்கள்.
இரண்டாயிரத்துக்கு முன்னால் இங்கே இருந்தீர்களா,
காகிதம் காட்டுங்கள்.
காகிதம் பள்ளியில்தான் இருந்தது:
தண்ணீர் டேங்குக்குக் கீழே, பதினேழு பதிவேடுகள்,
பழைய வெள்ளத்தில் நனைந்து
அப்பளக் கட்டுபோல ஒட்டிக்கொண்டு.

பால்துரைக்கு இஸ்திரிக் கடை.
ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
வேட்டித் துணியை மேலே விரித்து, சூட்டைக் குறைத்து,
பட்டுச்சேலைக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை என்றான்.
அவன் பிரிக்க, நான் வாசிக்க, ரெஜினாள் போனில் படமெடுக்க,
ஒன்பது ஞாயிறு.
முகவரிக் கட்டத்தில் இன்று இல்லாத சந்துகள்.
அப்பா தொழில் என்ற கட்டத்தில்
தோல், தோல், தோல், இட்லி, தோல்.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் இஸ்திரிப்பெட்டி நின்றது.
எங்கள் வகுப்புதான்.
பெயர் நீக்கக் காரணம்: வரவில்லை.
அடுத்த வரி: வரவில்லை. அதற்கடுத்ததும்.
ஒரே மை, ஒரே நாள், ஏழு பேர்.
பெஞ்சில் இடம் கிடைத்ததே என்று அன்று நாங்கள்
தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டோம்.
அதை மூவரும் பேசிக்கொள்ளவில்லை.
துணி கருகும் வாசனை வந்த பிறகுதான்
பால்துரை கையை எடுத்தான்.

இப்போது சனிக்கிழமைதோறும்
ரெஜினாளின் தையல் கடையில் நகல் கொடுக்கிறோம்,
தலைமையாசிரியர் முத்திரையோடு, பத்து ரூபாய்.
சங்கத்துக்கு ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம்
மதியவெயிலில் வரிசையில்.
போன வாரம் மும்ப்ராவிலிருந்து ஒருத்தி.
செய்யதலி பாத்திமா.
பதிவேட்டில் சையத் அலி, ஆண்.
"எங்க குடிசை அப்பவே எரிஞ்சி போச்சு.
வீடு கேட்டு வரல. பேரப் பாக்கணும்."
ஆதாரம் ஏதாவது, என்று கேட்டுவிட்டேன்.
பழகிப்போன வாய்.
அவள் பையைத் திறக்கவில்லை.
வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து
இடக்காதைத் தொட்டாள்.

வரவில்லை என்பதை அடிக்க எனக்கு அதிகாரமில்லை.
பதிவேட்டில் யாரும் பேனா வைக்கக் கூடாது,
சங்கத்தின் விதி, நானே எழுதியது.
நகலைக் கொடுத்தேன். பத்து ரூபாய் நீட்டினாள்,
வேண்டாம் என்று சொல்வதற்குள் பெட்டியில் போட்டுவிட்டாள்.
காகிதத்தை நாலாக மடித்தாள்.
போகும்போது திரும்பி,
ஜூன் ஒண்ணுக்கு எத்தன மணிக்கு, என்றாள்.